சைனாடவுனில் ஒரு தமிழ்க் குடியிருப்பு

சிங்கப்பூரின் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையை ஒட்டி மூன்று தெருக்கள் அடுத்தடுத்து உள்ளன: மோஸ்க் தெரு, பகோடாத் தெரு, டெம்பிள் தெரு. புதிதாக வருவோர் இவை சீனர் கோயில்களால் வந்த பெயர்கள் என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. பகோடா என்றது மாரியம்மன் கோயிற் கோபுரத்தை. தென்னாட்டுக் கோயில்களைப் பகோடா என்றழைத்த ஆங்கிலேயர் வழக்கே இங்கும் வந்து நிலைத்தது. டெம்பிள் என்பதும் அக்கோயிலையே குறிக்கும். மோஸ்க் என்பது தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். இன்றுள்ள கோபுரம் 1925-ஆம் ஆண்டில் எழுந்தது; தெருப்பெயரோ அதனினும் பழையது.

1819-ஆம் ஆண்டு மே திங்களில் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற் சூளை வைத்தார், துணிக்கடை நடத்தினார். பொருள் சேர்ந்ததும் அவர் நாடியது கோயிலுக்கு ஓரிடம். முதலில் தெலுக் ஆயர் தெருவில் நிலம் கிடைத்தது. ஆனால் வழிபாட்டிற்கு நன்னீர் வேண்டுமே! அது அங்கில்லை. 1821-ஆம் ஆண்டில் ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே வேறிடம் தந்தனர். மறு ஆண்டு வகுத்த நகரத் திட்டம் அதனையும் தள்ளிவிட்டது. 1823-இல் கிடைத்ததே இன்றைய இடம். 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கோயில் எழுந்தது. சூலியா பள்ளிவாசலின் தோற்றமும் அதையொட்டியதே, 1826. தமிழ் முஸ்லிம்களை அந்நாளில் சூலியர் என்றனர். மேற்சொன்ன திட்டத்திலேயே 'சூலியர் கம்பம்' தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல். மலாயாத் தமிழர் அதனைத் தம் சொல்லாகவே ஆக்கிக்கொண்டனர்.

ஊரில் கோயில் செய்யும் பணிகள் யாவற்றையும் இக்கோயிலும் செய்தது. கப்பலிலிருந்து இறங்கியவன் வேலையும் தங்குமிடமும் அமையும் வரை இங்கே ஒதுங்கினான். இந்துத் திருமணங்கள் இங்கே பதிவாயின. சற்றுத் தொலைவில், அந்நாளில் கடற்கரையாயிருந்த தெலுக் ஆயர் தெருவில், நாகூர் ஆண்டகையின் நினைவாக 1828-க்கும் 1830-க்கும் இடையே தர்கா எழும்பியது. கடல் கடந்து வந்தோர் கரையேறியதும் நன்றி செலுத்த அதனினும் பொருத்தமான இடம் ஏது? பின்னர்க் கடலைத் தூர்த்தனர். இன்று தர்கா நகரின் நடுவே நிற்கிறது. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் கைப்பெட்டியும் பேரேடுமாக அமர்ந்து வட்டித் தொழில் நடத்தி, அங்கேயே உறங்கினர். 1970-களில் அவையும் இடிக்கப்பட்டன.

குடிகள் வேறிடம் பெயர்ந்தது ஒருநாளில் நிகழ்ந்ததன்று. மாட்டுத் தொழிலும் சூளைகளும் சிராங்கூன் சாலைப் பக்கம் தமிழரை ஈர்த்தன. சவுத் பிரிட்ஜ் சாலையைச் சூழச் சீனர் குடியேற்றம் நெருங்கியது. எனினும் ஒன்று கருதத்தக்கது. 1840 முதல் மாரியம்மன் கோயிலில் நடைபெறும் தீமிதி இடம் மாறவில்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு முன், நோன்பிருந்தோர் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து, பகோடாத் தெரு முனையிலுள்ள அம்மன் சன்னிதிக்கு வருகின்றனர். அவ்விரவில் தீக்குழியைக் காணக் கூடுவோரில் சீனரும் உண்டு.