பாட்டு ஏன் வெட்டி வெட்டி வருகிறது?

நாராயணவனம் என்றதும் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரம் தறிக்கும் பேர்போனது. லினக்ஸ் கணினியில் பாட்டு விட்டு விட்டு வருவதை விளக்க எனக்கு அந்தத் தறியே போதும்.

தறியின் நாடாவுக்குள் (ஷட்டில்) இருக்கும் தாரில் ஊடை நூல் (குறுக்கு நூல்) சுற்றியிருக்கும். அது தீருமுன் அடுத்த தார் தயாராக வேண்டும். கணினியில் தறி ஓட்டுவது ஒலி அட்டை. அதற்குத் தார், பஃபர் எனும் சின்ன நினைவகம். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், 1,024 மாதிரிகள் கொண்ட பஃபர் சுமார் 21 மில்லிநொடியில் காலி. அதற்குள் பிராசசர் அடுத்த துண்டைக் கொடுத்தாக வேண்டும். ஊடை அறுந்தால் விசைத்தறி தானாக நின்றுவிடும். ஒலி அட்டையோ யாருக்காகவும் நிற்காது. அடுத்த துண்டு வராத அந்த வெற்றிடம்தான் நம் காதில் வெட்டாக விழுகிறது. இதற்கு அண்டர்ரன் என்று பெயர்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் வெட்டினால் பெரும்பாலும் கோப்பில்தான் பழுது. இடம் மாறினால் கணினியைச் சந்தேகிக்கலாம். யூடியூபில் மட்டும் வெட்டினால் முதலில் இணைய இணைப்பைப் பாருங்கள்.

லினக்ஸில் ஒலி பல அடுக்குகளைக் கடந்து வருகிறது. அடியில், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள், ஆல்சா. அதன்மேல் பல ஆண்டுகள் பல்ஸ்ஆடியோ இருந்தது. விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் இப்போது அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஃபெடோராவில் 2021 முதல், உபுண்டுவில் 22.10 பதிப்பு முதல். ஆகவே 'பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடு' என்ற பழைய வைத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். இருக்கிற ஒலியும் போய்விடக்கூடும்.

பைப்வயர் ஓடும் கணினியில் டெர்மினலைத் திறந்து 'பிடபிள்யூ-டாப்' கட்டளையைக் கொடுங்கள் (ஆங்கில எழுத்துகள் பி, டபிள்யூ, இடைக்கோடு, டி, ஓ, பி). பிழைகளை எண்ணும் பத்தி ஒன்று அதில் உண்டு. வெட்டு விழும்போதெல்லாம் அந்த எண் ஏறினால் தார் தீர்ந்துதான் போகிறது.

ஏன் தீர்கிறது? ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும் பல பிரவுசர் டேப்கள், போதாத ரேம், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். தறி ஓடும் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பஞ்சுத் தூசி. அது விசிறியை அடைத்தால் பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்தக் கட்டளையும் இதைத் தீர்க்காது. கணினியை அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்.

பாட்டின் தொடக்கம் மட்டும் விழுங்கப்படுகிறதா? அது வேறு நோய். மின்சாரம் மிச்சப்படுத்த ஒலி அட்டை தூங்கப் போயிருக்கும். ஆல்சா அமைப்பில் அந்த மின்சேமிப்பை அணைத்துவிடலாம். புளூடூத் ஹெட்போனில் மட்டும் வெட்டினால், அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடும் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் பைப்வயர் அமைப்பில் பஃபரை 2,048 ஆக்குங்கள். தாமதம் சுமார் 43 மில்லிநொடியாகும். பாட்டு கேட்பவருக்கு அது தெரியாது. ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடி பாடிப் பதிவு செய்பவருக்குத் தெரியும். வேலைகளை உரிய நேரத்துக்குள் முடிக்க உதவும் நிகழ்நேரக் கெர்னல் வசதி 2024இல் லினக்ஸ் 6.12-இல் சேர்ந்தது உண்மைதான். ஆனால் சுப்ரபாதம் கேட்க அது தேவையில்லை. புது ஒலி அட்டை வாங்குவதையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.