மாலை ஆறு மணிக்குப் பிறகு

பகலில் சம்பளம், இரவில் ஒத்திகை. பெங்களூருவின் அமெச்சூர் நாடக இயக்குநர்களுக்கு இன்று பணத்தைவிட அரிதான பொருள் சாயங்காலம்தான்.

1970களின் தொடக்கத்தில் பெங்களூரு டவுன் பஸ்ஸில் விசிலும் தோல் பையுமாக நின்ற இளைஞர் ஒருவர், ஷிப்ட் முடிந்ததும் கன்னடப் புராண நாடகங்களில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற அந்தக் கண்டக்டர் 1973இல் சென்னைக்குத் திரைப்படக் கல்லூரியில் படிக்கப் போனதும், பிறகு ரஜினிகாந்த் ஆனதும் தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. ஆனால் பகலில் ஒரு வேலை, இரவில் நாடகம் என்ற பழக்கம் அவரோடு ரயில் ஏறிவிடவில்லை. அவருக்கு முன்பே அது இந்த ஊரில் இருந்தது. இன்றும் இருக்கிறது, கொஞ்சம் மூச்சு வாங்கினாலும்.

தொழில்முறையாக அல்லாமல் ஆசைக்காக நாடகம் போடுகிறவரைக் கன்னடத்தில் ‘ஹவ்யாசி’ என்பார்கள். ‘ஹவ்யாச’ என்றால் விருப்பத்தால் வந்த பழக்கம். காப்பிப் பழக்கம் மாதிரி, விட நினைத்தாலும் விடாது. நடிகருக்கு இந்தப் பழக்கம் ஒரு நாடகத்தோடு போகும். வேஷத்தைக் கலைத்துவிட்டு அடுத்த மாதம் வீட்டில் இருக்கலாம். இயக்குநருக்கு அந்தச் சலுகை இல்லை. நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் அரங்கத்துக்கு முன்பணம் கட்டுவது, ஆள் சேர்ப்பது, கடைசி நாள் நாற்காலியைத் திருப்பிக் கொடுப்பது வரை எல்லாம் அவர் தலையில். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அலுவலகமும் உண்டு.

இந்த ஊரில் இதற்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. ‘அமெச்சூர் டிராமாட்டிக் அசோசியேஷன்’ பெங்களூருவில் 1909லேயே தொடங்கப்பட்டது. நவீன கன்னட நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் டி.பி. கைலாசம் (1946இல் மறைந்தார்) தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து, மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். வேலையா நாடகமா என்ற கேள்வி எழுந்தபோது அவர் வேலையை விட்டார். கன்னடத்துக்கு நாடகம் கிடைத்தது. வீட்டுக் கணக்கு என்ன ஆனது என்பது வேறு விஷயம்.

பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கைலாசத்தின் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள், ராஜினாமாவை எடுத்துக்கொள்ளவில்லை. 1963இல் திறக்கப்பட்ட ரவீந்திர கலாக்ஷேத்ராவும் அதன் பின்புறமுள்ள திறந்தவெளி மேடையும் இவர்களின் களமாயின. 1970களின் தொடக்கத்தில் அந்தத் திறந்தவெளியில் பி.வி. காரந்த் மேடையேற்றிய நாடகங்கள் கன்னட நாடகத்தின் போக்கையே மாற்றின. அந்த அலையில் எழுதியவர்கள் யார்? பி. லங்கேஷ் ஆங்கில விரிவுரையாளர். சந்திரசேகர கம்பார் பல்கலைக்கழக ஆசிரியர். 1975இல் தோன்றிய ‘சமுதாய’ குழுவின் முக்கிய இயக்குநர்களில் ஒருவரான சி.ஜி. கிருஷ்ணசாமி பொருளாதாரப் பேராசிரியர். அந்தக் குழு தெருமுனைகளுக்கே நாடகத்தைக் கொண்டுபோனது.

ஆங்கில நாடகத்திலும் இதே கதைதான். 1960இல் தொடங்கிய ‘பெங்களூர் லிட்டில் தியேட்டர்’ தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்த குழு. அங்கே மேடைப் பழக்கம் பெற்றவர் மகேஷ் தத்தானி. விளம்பர வாசகம் எழுதியும் குடும்ப வியாபாரத்தில் உதவியும் பிழைத்த அவர், 1984இல் ‘பிளேபென்’ என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். இயக்க நல்ல இந்திய நாடகம் தேடியவர், தாமே எழுத உட்கார்ந்தார். 1998இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பேரேடு புரட்டியபடியே ‘மேஜர் சந்திரகாந்த்’தையும் ‘சர்வர் சுந்தர’த்தையும் மேடையேற்றியவர் கே. பாலசந்தர். அவரது மேடையில் சிரிக்க வைத்த நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். கிரீஷ் கர்னாட் 1963 முதல் 1970 வரை சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ குழுவோடு நாடகம் போட்டார். ஆனால் சென்னை மேடைக்குப் பக்கத்திலேயே கோடம்பாக்கம் இருந்தது. நாடகத்தில் பெயர் எடுத்தவரைச் சினிமா அழைத்துக்கொண்டது. பெங்களூருவில் அந்த இழுப்பு இருந்தாலும் அவ்வளவு வலுவாக இல்லை. பலர் கடைசிவரை குமாஸ்தாவாகவும் இயக்குநராகவும் ஒரே சமயத்தில் இருந்தார்கள்.

அதில் ஒரு லாபமும் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பதால், டிக்கெட் விற்குமா என்று பார்த்து நாடகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கிரேக்கச் சோகத்தையும் போடலாம், பஞ்சாயத்துத் தலைவரைத் திட்டும் நாடகத்தையும் போடலாம். கணக்குப் பார்த்தால் இந்த நகரத்தின் அமெச்சூர் நாடகங்களுக்கு உண்மையான தயாரிப்பாளர் அவரவர் அலுவலகத்துச் சம்பளப் பட்டுவாடா அதிகாரிதான். பாவம், அவருக்கே அது தெரியாது.

ஆனால் சம்பளம் கொடுத்த அந்த வேலைகள் இன்னொன்றையும் கொடுத்தன: சாயங்காலம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகளால் வளர்ந்த ஊர் இது. அங்கே சங்கு ஊதினால் வேலை ஆரம்பம், சங்கு ஊதினால் வேலை முடிவு. வங்கிக்கும் கல்லூரிக்கும் மணிக் கணக்கு இருந்தது. ஆறரைக்கு ஒத்திகை என்றால் ஆறேகாலுக்கு சைக்கிளில் வந்து இறங்கலாம். ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, ஆறிப்போன சாம்பாரைச் சூடு பண்ணச் சொல்லலாம்.

சாம்பாரைச் சூடு பண்ணியவரை நாடகச் சரித்திரம் அதிகம் பேசுவதில்லை. ஒன்றரை மாத ஒத்திகை என்றால், ஒன்றரை மாதம் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் மாமியாரின் மருந்தையும் ஒருவரே பார்த்துக்கொள்கிறார் என்று பொருள். பெண் இயக்குநராக இருந்தால் கதை இன்னும் கடினம். அலுவலகம், அடுப்படி, ஒத்திகை என்று மூன்று ஷிப்ட். சூடு பண்ணிக் கொடுக்கவும் ஆள் கிடையாது.

இப்போது தட்டுப்பாடு அந்தச் சாயங்காலத்துக்குத்தான். தகவல் தொழில்நுட்ப வேலையில் சங்கு கிடையாது. அமெரிக்காவில் பொழுது விடியும்போது இங்கே தொலைபேசிக் கூட்டம் தொடங்கும். கதாநாயகனை திடீரென்று ‘ஆன்சைட்’ அனுப்பிவிடுவார்கள். தூரமும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது. 2022இல் பெங்களூருவின் நகர மையத்தில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் ஆனது என்று டாம்டாம் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. உலகிலேயே லண்டனுக்கு அடுத்த இடம். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஜெயநகருக்கு ஒத்திகைக்கு வருகிறவருக்குப் போக்குவரத்தே ஓர் அங்கம் ஆகிவிடுகிறது. எட்டுப் பேர் காத்திருக்க ஒருவர் அரை மணி தாமதித்தால், வீணாவது நான்கு மனித மணி நேரம். 2023இல் ஒயிட்ஃபீல்டு வரையும், 2025இல் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகவும் ஓடத் தொடங்கிய மெட்ரோ, அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்திருக்கிறது.

கையிலிருக்கும் போன் நண்பனா எதிரியா என்பதில் இயக்குநர்களுக்கே குழப்பம். ஒத்திகை நேரத்தை வாட்ஸ்அப்பில் ஒரே தட்டில் மாற்றலாம். வசனத்தை எல்லோருக்கும் அனுப்பலாம். உலகத்தின் எந்த மூலையில் நடந்த நாடகத்தையும் யூடியூபில் பார்த்துப் படிக்கலாம். ஆனால் தனக்கு வசனம் இல்லாத காட்சியில் நடிகரின் கண் திரைக்குப் போய்விடுகிறது. எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்பதுதான் பாதி நடிப்பு. கேட்காதவரிடமிருந்து பதில் எப்படிப் பிறக்கும்? இயக்குநரும் தப்பவில்லை. நாடகப் பிரதியோடு உட்கார வேண்டிய இரவுகளை இணையம் நைசாகத் தின்றுவிடுகிறது.

2020 மார்ச்சில் கொரோனா அரங்குகளை மூடியபோது இதற்கு ஒரு பரீட்சையே நடந்தது. பல குழுக்கள் ஜூமில் கூடிப் படித்தன, இணையத்தில் நடித்தும் காட்டின. போக்குவரத்து நெரிசல் இல்லை, அரங்க வாடகை இல்லை, அமெரிக்காவில் இருக்கும் பழைய நடிகர்கூட வந்து சேரலாம். இருந்தும் அரங்கம் திறந்ததும் மனிதர்கள் மறுபடி நெரிசலில் புறப்பட்டார்கள். இருட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சை அடக்குவது ஜூமில் கேட்காது.

அப்படிப் புறப்படுகிறவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் ஜே.பி. நகரிலுள்ள ரங்க சங்கரா. ‘மால்குடி டேஸ்’ தொடரை இயக்கிய சங்கர் நாக் 1990இல் சாலை விபத்தில் இறந்தார். பெங்களூருவில் நாடகத்துக்கென்றே நல்ல அரங்கம் ஒன்று வேண்டும் என்ற அவரது கனவை, மனைவி அருந்ததி நாக் பதினான்கு ஆண்டுகள் சுமந்து 2004இல் கட்டி முடித்தார். சுமார் 300 பேர் உட்காரும் அரங்கம். திங்கள் தவிர எல்லா நாளும் நாடகம் என்பது அதன் கொள்கை. தமிழ் உள்படப் பல மொழிகள் அங்கே ஒலித்திருக்கின்றன.

அந்த அரங்கத்தின் புகழ்பெற்ற விதி ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்கு மணி அடித்ததும் கதவு மூடப்படும். தாமதமாக வந்தவர் யாராக இருந்தாலும் வெளியேதான். முதலில் கேட்பவர்களுக்கு இது கொஞ்சம் கறாராகத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் எதைக் கொடுத்து அந்த ஒன்றரை மணி நேரத்தை வாங்கினார்கள் என்று யோசித்தால் நியாயம் புரியும். விடுப்பு, தூக்கம், பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா, ஒன்றரை மாதச் சாயங்காலங்கள். நாடகம் முடிந்து விளக்கு எரியும்போது அரங்கத்தின் பின்பக்கம் நிற்கும் இயக்குநர் முதலில் பார்ப்பது பார்வையாளர் முகத்தை. இரண்டாவதாகக் கைக்கடிகாரத்தை. நாளைக்கு அலுவலகம் இருக்கிறது.