குச்சியில் கோத்த புளிப்புச் சோறு

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து ஒசூருக்கு வந்த என் பேத்தி, "தாத்தா, வீட்டிலேயே சுஷி செய்யலாமா?" என்று கேட்டாள். அங்கே உணவகத்தில் அவள் சாப்பிட்ட ஒரு தட்டின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். ஒசூருக்கு ஜப்பான் புதிதல்ல. 1980களில் சுசுகியுடன் சேர்ந்து இங்கே இருசக்கர வாகனங்கள் தயாரிக்கத் தொடங்கியபோதே ஜப்பானியச் சொற்கள் தொழிற்கூடங்களுக்குள் வந்துவிட்டன. சமையலறையை எட்டத்தான் நாற்பது ஆண்டுகள் ஆயின.

சுஷி என்றாலே பச்சை மீன் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தச் சொல்லின் வேர் குறிப்பது புளிப்பை. மீனைச் சோற்றுக்குள் வைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்டுப் பாதுகாத்ததே அதன் பழைய வடிவம். சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்பார்கள். பின்னர்தான் காடி கலந்த சோறு வந்தது. நெடும்பயணத்துக்குப் புளியோதரை கட்டிச் சென்ற நம் முன்னோர் அறிந்திருந்ததும் புளிப்பின் இதே குணத்தைத்தான்.

அந்தச் சோற்றின் மேல் எதை வைப்பது என்பதைப் பெரும்பாலும் சந்தையே தீர்மானித்திருக்கிறது. அமெரிக்காவில் சூரை மீனின் கொழுப்புச் சதைக்கு மாற்றாக அவகாடோ சேர்ந்தது. சால்மன் கதை இன்னும் சுவையானது. ஒட்டுண்ணிக்கு அஞ்சி ஜப்பானியர் தங்கள் கடலின் சால்மனைப் பச்சையாக உண்பதைத் தவிர்த்து வந்தனர். வளர்ப்பு சால்மனுக்குச் சந்தை தேடிய நார்வே, 1980களின் நடுவில் ஜப்பானில் பெரும் விற்பனை முயற்சியில் இறங்கியது. இன்று சால்மன் இல்லாத சுஷிக் கடை அரிது.

அந்த அச்சம் நமக்கும் வேண்டும். கிருஷ்ணகிரி அணை மீனோ, ஏரி மீனோ, நன்னீர் மீனைப் பச்சையாக உண்ணவே கூடாது. கடல் மீனையும் -20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்த பிறகே பச்சையாகப் பரிமாறலாம் என்பது அமெரிக்க விதி. நம் வீட்டு உறைபெட்டியை நம்பி அதைச் செய்ய முடியாது. ஆகவே எங்கள் சுஷியில் மீனுக்கு இடமில்லை.

ஒரு குவளை பச்சரிசியை மூன்று குவளை நீரில் குழைய வேகவைத்தோம். புழுங்கலரிசி ஒட்டாது. சூடு தணியுமுன் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து, பேத்தி விசிறியால் வீச, நான் கிளறினேன். ஜப்பானிலும் விசிறுவார்கள், ஈரம் வற்றிச் சோறு பளபளக்கும். கையை நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவில் உருட்டினோம். வெள்ளரிக்காய், பாதி வெந்த கேரட், கிருஷ்ணகிரி மாம்பழத் துண்டு என்று மூங்கில் குச்சியில் கோத்தோம். குழந்தைகள் கையில் தருமுன் குச்சியின் கூர்முனையை நறுக்கிவிட வேண்டும்.

முதல் குச்சியில் சோற்றுருண்டை நழுவித் தட்டில் விழுந்தது. காலையில் மிஞ்சிய ராகிக்களி நினைவுக்கு வந்தது. ஆறினால் களி இறுகும். அதைச் சதுரமாக வெட்டி, நல்லெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டி, ஒவ்வோர் உருண்டைக்கும் இருபுறம் வைத்தோம். நழுவவில்லை. மேலே வறுத்த எள்ளைத் தூவினோம்.

ஓர் ஆசிரியருக்குரிய நச்சரிப்பாக இருந்தாலும் இதைச் சொல்ல வேண்டும். 2024-25இல் ராகிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,290, சாதாரண நெல்லுக்கு ரூ.2,300. நுகர்வோர் பக்கமோ, 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுடன் போட்டியிடும் பண்டம், எவ்வளவு சத்தானதாயினும், அடுப்பை விட்டு மெல்ல விலகும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் ராகி முத்தே உணவகப் பட்டியலில் பெருமையோடு நிற்கிறது. இங்கே அதையே வறுமையின் நினைவாக ஒதுக்கிய குடும்பங்களை நான் அறிவேன்; என் குடும்பமும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் மாதம் 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. வழங்கல் பக்கம் அது நல்ல தொடக்கம். தேவையை உண்டாக்குவது அரசாணையால் ஆகக்கூடியதல்ல. பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும்.

இந்தச் சோற்றைச் செய்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுங்கள். வீட்டில் கலக்கும் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு ஒரே அளவில் இராது. ஆறிய சோற்றில் கிருமி வளரும். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கல்லாகும்.

பேத்தி நான்கு குச்சிகளைக் காலி செய்தாள். களித் துண்டுகள் முழுவதும் தீர்ந்திருந்தன. கேரட் மட்டும் குச்சியிலேயே இருந்தது.