கரித்தண்ணீர் புகையைச் சுத்தம் செய்யுமா?

தண்ணீரில் ஆக்டிவேட்டட் கார்பன் தூளைக் கலக்கி அதன் வழியாக வாயுவைக் குமிழியிட்டால், வெறும் தண்ணீரைவிட வேகமாக வாயு உள்ளே போகும். 1979-ல் கார்ஸ், பெஸ்ட், ட்ரிங்கன்பர்க் மூவரும் புரொப்பேன் வாயுவை வைத்து இதைப் பற்றி ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அப்படியென்றால் மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் பழுப்பு நிலக்கரி எரிகிறதே, அந்தப் புகையில் உள்ள சல்ஃபர் டை ஆக்சைடையும் கரித்தண்ணீரில் பிடித்துவிடலாமா? கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு முன்னால், வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

வாயுக்குமிழியைச் சுற்றி, சரியாகக் கலங்காத மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். 1920-களில் லூயிஸ், விட்மன் கொடுத்த படம் இது. நன்றாகக் கலக்கும் தொட்டியில் இதன் தடிமன் சில பத்து மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் வாயு மூலக்கூறு இதைத் தட்டுத்தடுமாறி ஊர்ந்துதான் கடக்கணும். மொத்த தாமதமும் இங்கேதான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. எல்லோரும் நடந்தே போனால் வாசலில் நெரிசல். ஷேர் ஆட்டோ உள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போனால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். கரித்துகள்தான் அந்த ஆட்டோ. படலத்துக்குள் நுழையும், வாயுவை ஏற்றும், நடுத்தண்ணீருக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பும். ஒரு நிபந்தனை: துகள் படலத்தைவிடச் சின்னதாக இருக்கணும். சந்துக்குள் பஸ் நுழையாது இல்லையா, அதே மாதிரி பெரிய துகளால் பெரிய பயன் இல்லை.

ஏற்றிக்கொள்ள இடம் எங்கே? துளைகளில். நெய்வேலியில் ஒருகாலத்தில் 'லெகோ' என்ற அடுப்புக்கரி செய்தார்கள். பழுப்பு நிலக்கரியை அச்சில் அழுத்தி, காற்றில்லாமல் சுட்டது. அந்த மாதிரிக் கரியை 800, 900 டிகிரியில் நீராவியால் அரித்தால் உள்ளே நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராமில் 500 சதுர மீட்டர் பரப்பு கிடைத்தால், அது இரண்டு கிரவுண்டுக்கும் மேலே!

இப்போது சல்ஃபருக்கு வருவோம். முதல் சிக்கல்: ஆட்டோ உதவுவது வாசலில் நெரிசல் இருந்தால்தான். புரொப்பேன், ஆக்சிஜன் போல அரைகுறையாகக் கரையும் வாயுக்களுக்கு அந்த நெரிசல் உண்டு. சல்ஃபர் டை ஆக்சைடு தண்ணீரில் தாராளமாகவே கரையும். அதனால் கரி சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் வேகம் குறைவு.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது: கொள்ளளவு. நிலக்கரியில் சல்ஃபர் 0.7% என்று வைத்தால், ஒரு டன் எரித்தால் 7 கிலோ சல்ஃபர், அதாவது 14 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு. கரி தன் எடையில் 10% பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 140 கிலோ கரி வேணும். நிரம்பிய கரியை மறுபடி காலி செய்யவும் வேணும். அதே 14 கிலோவுக்குச் சுண்ணாம்புக்கல் கணக்குப்படி 22 கிலோ போதும். வினை முடிந்ததும் ஜிப்சமாக வெளியே வரும். உலகெங்கும் மின்நிலையங்கள் சுண்ணாம்புக்கல் குழம்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த எளிய பெருக்கல் ஒரு முக்கியக் காரணம்.

கரிக்கு வேலையே இல்லையா? இருக்கு, பாதரசத்தில். அது புகையில் மிக மிகக் கொஞ்சம். கொள்ளளவு பிரச்சினை ஆகாது. அமெரிக்காவில் பழுப்பு நிலக்கரியில் செய்த ஆக்டிவேட்டட் கார்பனையே உலர்தூளாகப் புகையில் தூவி அதைப் பிடிக்கிறார்கள்.

2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு சல்ஃபர் டை ஆக்சைடு வரம்பு கொண்டுவந்தது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அதிலிருந்து நிபந்தனையோடு விலக்கு கொடுத்தது. இந்தச் சூழலில் "மலிவான மாற்று" என்று எதைக் காட்டினாலும் இரண்டு கேள்வி கேளுங்க. எவ்வளவு வேகமாகப் பிடிக்கும்? ஒரு டன் நிலக்கரிக்கு எத்தனை கிலோ வேணும்? முதல் கேள்விக்குப் பதில் ஆய்வகத்தில் ஒரு குடுவையிலேயே கிடைத்துவிடும். சுவாசிக்கிற ஊருக்கு முக்கியமானது இரண்டாவது.