மருந்தும் கண்காணிப்பும்

முதுமையில் சிறு மறதி இயல்பே. ஆனால், பழகிய வழியும் நெருங்கியவர் பெயரும் மறந்துபோகும் அளவுக்கு நினைவாற்றல் குன்றினால், அது அல்சைமர் நோயாக இருக்கலாம். 1906ஆம் ஆண்டில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார்.

இந்நோய் கண்டவர்களின் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து தேங்குகிறது. அதை அகற்ற உதவும் லெக்கனிமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் முழு ஒப்புதல் அளித்தது. நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இம்மருந்து இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படுகிறது. 1,795 பேர் பங்கேற்ற 18 மாத ஆய்வில், நோய் முற்றும் வேகத்தை இது ஏறத்தாழ 27 விழுக்காடு குறைத்தது. எனினும், இம்மருந்து நோயைக் குணப்படுத்துவதில்லை.

இதற்குப் பக்கவிளைவும் உண்டு. பழைய குழாயில் படிந்த துருவைச் சுரண்டினால் நீர் கசியக்கூடும் அல்லவா? அதுபோலவே, மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிந்துள்ள அமிலாய்டை மருந்து அகற்றும்போது, அச்சுவர்கள் சிறிது காலம் வலுவிழக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதனால் நீர்மம் கசிந்து மூளையின் ஒரு பகுதி வீங்கலாம். சிறு இரத்தக் கசிவுகளும் ஏற்படலாம். மேற்கூறிய ஆய்வில், மருந்து பெற்றவர்களுள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு வீக்கம் காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் எந்த அறிகுறியையும் உணரவில்லை.

நோயாளியே உணராத ஒன்றை மருத்துவர் எப்படி அறிவார்? இங்குதான் எம்.ஆர்.ஐ. சோதனை கைகொடுக்கிறது. இக்கருவி ஊடுகதிர்களைப் பயன்படுத்துவதில்லை. வலிமையான காந்தத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு மூளையைப் படம் எடுக்கிறது. ஒருவகைப் படத்தில் வீங்கிய பகுதி வெண்மையாகத் தெரியும். மற்றொரு வகைப் படத்தில் இரத்தக் கசிவு கரும்புள்ளியாகத் தெரியும். சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, புதிய மாற்றங்களை மருத்துவர்கள் கண்டறிகின்றனர்.

அமெரிக்க விதிமுறைப்படி, சிகிச்சை தொடங்குமுன் ஒருமுறையும், பின்னர் 3, 5, 7, 14ஆம் தவணை மருந்துக்கு முன்னும் இச்சோதனை செய்யப்பட வேண்டும். 3ஆம் தவணைக்கு முந்திய சோதனை 2025இல் சேர்க்கப்பட்டது. சிகிச்சையின் தொடக்கக் கட்டத்திலேயே சிலர் உயிரிழந்தது அதற்குக் காரணமாகும்.

மாற்றம் தென்பட்டால், அதன் அளவையும் அறிகுறிகளையும் பொறுத்து, மருந்தைத் தொடர்வதா நிறுத்திவைப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பார். வீக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் வடிந்துவிடும்.

இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களில் குடும்பத்தினரின் கவனம் தேவை. தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மறதி நோய் உள்ளவர், தமக்குத் தலை வலித்ததையே சொல்ல மறந்துவிடலாம். அருகில் இருப்பவர்கள்தாம் அதைக் கேட்டறிந்து சொல்ல வேண்டும்.