எண்ணும் எண்ணமும்

எழுதிய தாளைக் கிழித்தெறியலாம். இணையத்தில் இட்டதை மீட்டெடுப்பது எளிதன்று. இதனை என் நண்பர் ஒருவர் அண்மையிலே துயரத்தோடு உணர்ந்தார். அவர் கண்டி–குருநாகல் வீதியில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் உள்ள கலகெதரவில் ஆசிரியர்.

மகளின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றை அவர் முகநூலில் படமாக இட்டார். தந்தையின் பெருமிதத்தை யார்தாம் குறை கூறுவர்? ஆனால் அதில் பெண்ணின் பெயரோடு தேசிய அடையாள அட்டை எண்ணும் இருந்தது. அந்த 12 இலக்கங்களுள் முதல் நான்கு பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்று அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். முன்பின் அறியாத ஒருவன் அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியபோதுதான் தந்தை திடுக்கிட்டார். படத்தை உடனே நீக்கினார். அதற்குள் அது எத்தனை கைகளுக்குப் போயிற்றோ!

"இனி நான் எதையுமே எழுதேன்" என்கிறார் நண்பர். இங்கேதான் நான் அவரோடு மாறுபடுகிறேன்.

அதே வீதியிலுள்ள கட்டுகஸ்தோட்டையில் வாழ்ந்தவர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ரம்ஸி ராசிக். பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாகக் கொண்டு இனவெறுப்புக்கு எதிராகக் கருத்துப் போராட்டம் நடத்தவேண்டும் என்று 2020 ஏப்ரலில் அவர் முகநூலில் எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல்லும் இருந்தது. அச்சுறுத்தல்கள் குவிந்தன. எழுதுவதை நிறுத்துவதாக அறிவித்து, பொலிஸ் பாதுகாப்பும் கோரினார். கிடைத்தது பாதுகாப்பன்று, ஏப்ரல் 9 ஆம் திகதி அவர் கைது செய்யப்பட்டார். ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்து, செப்டம்பரில் பிணையில் வந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தரும் பேச்சுரிமை ஏட்டளவில் நிற்பதன்று என்பதை அத்தீர்ப்பு காட்டியது. ஆனால் சிறையிற் கழிந்த நாள்களை எத்தீர்ப்புத்தான் திருப்பித் தரும்?

இரண்டு வருத்தங்களும் ஒன்றல்ல. வீட்டு விவரத்தை ஊரறிய வைத்துவிட்டு வருந்துவது நம் கவனக்குறைவின் பயன். நேர்மையான கருத்தைச் சொன்னவன் வருந்த நேர்வதோ சமுதாயத்தின் குறை. முன்னதற்கு வேண்டுவது அடக்கம். பின்னதற்கு அடக்கத்தையே மருந்தாக்கினால், அச்சுறுத்துவோர் வென்றவராவர் அன்றோ?

ஆகவே நண்பர் மீண்டும் எழுதவேண்டும். மாணவருக்கும் இவ்வேறுபாட்டைக் கற்பிக்கவேண்டும். மகளின் எண்ணை மறைக்கட்டும். தம் எண்ணத்தை மறைக்கவேண்டா.