ஷாப்ட்ஸ்பரி பிரபுவும் டார்செட் குடிசைகளும்

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்க்காகப் பரிந்து பேசியவருள் தலையாயவர் ஒரு பெருநிலக்கிழாரின் மூத்த மகன். 1801இல் பிறந்த அந்தோனி ஆஷ்லி கூப்பரே அவர். தந்தையார் மறைந்த 1851 வரை ஆஷ்லி பிரபு என்றும், பின்னர் ஏழாம் ஷாப்ட்ஸ்பரி பிரபு என்றும் வழங்கப்பெற்றார்.

கட்சியால் அவர் பழைமைவாதி. வாக்குரிமையைப் பாமர மக்களுக்கு விரிவாக்குவதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆயினும், ஆலை வேலையைப் பத்து மணி நேரத்திற்குள் அடக்கவேண்டும் என்னும் கோரிக்கையை 1833 முதல் பாராளுமன்றத்தில் ஏந்தி நின்றார். 1842இல் அவர் கொண்டுவந்த சட்டம், பெண்களும் பத்து வயது நிரம்பாத சிறுவரும் சுரங்கத்திற்குள் இறங்கி வேலை செய்வதைத் தடுத்தது.

ஆலை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஊருக்கு உபதேசம் செய்யும் பிரபு, தம் நாட்டுப்புறத்துப் பண்ணையாட்களின் நிலையைக் கண்டதுண்டா என்று கேட்டனர். கேட்டவர் நோக்கம் தூயது அன்று. கேள்வி என்னவோ நியாயமானதே. ஆஷ்லியின் தொகுதியான டார்செட்டில் உழவுக் கூலி 1830களில் வாரத்துக்கு ஏறத்தாழ ஏழு ஷில்லிங். அங்குள்ள டால்படில் என்னும் சிற்றூரில் சங்கம் கூட்டிய ஆறு கூலிகள் 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

1843இல் ஸ்டர்மின்ஸ்டரில் நிலவுடைமையாளர் கூடிய விருந்தொன்றில், டார்செட் கூலிகளின் அவல நிலையை ஆஷ்லி வெளிப்படையாகவே பேசினார். தந்தையார் கடுஞ்சினங் கொண்டார்.

அடுத்த சோதனை தானியச் சட்டம். அயல்நாட்டுத் தானியத்தின்மீது வரி விதித்து, ரொட்டியின் விலையை உயர்த்தி, நிலக்கிழார்க்கு ஆதாயம் தந்த சட்டம் அது. அது நீங்கவேண்டும் என்ற முடிவுக்கு ஆஷ்லி வந்தார். அதைக் காப்பார் என்று நம்பியே டார்செட் மக்கள் தம்மைத் தேர்ந்தெடுத்தனர் என்பதால், 1846இல் பதவி துறந்தார். விளைவு என்ன? 1847இல் பெண்களுக்கும் இளைஞர்க்கும் பத்துமணி நேரச் சட்டம் நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை. அதை நிறைவேற்றிக் கொடுத்தவர் ஜான் பீல்டன். அவரோ பஞ்சாலை முதலாளி!

1851இல் பண்ணை கைக்கு வந்தது. கடனும் உடன் வந்தது. குடிசைகளில் மக்கள் நெருக்கியடித்துக் கிடப்பதைக் கண்டு மனம் வெதும்பி, என்ன செலவானாலும் புதியன கட்டியே ஆகவேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். கடனோடு கடனாகக் கட்டவும் செய்தார்.

1885இல் அவர் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வழிபாடு நடந்தது. உடலோ, அவர் விருப்பப்படியே, டார்செட்டில் தம் ஊரான செயின்ட் ஜைல்ஸில் அடக்கம் செய்யப்பட்டது.